மேலே ஏறும் தண்ணீரும் அம்மாவின் முதுகும்

ஜூலை 21, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட என் துப்பட்டா எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனாவில் போய்க் கொடி ஏறியிருந்தது. கீழே நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் பழைய துப்பட்டாவோடு பள்ளிக்கூடம்.

இன்றைய சாதனை: தேர்தல் மோசடி.

புவி மிஸ் (புவியியல் டீச்சர். இந்த வருஷம்தான் வந்தார்கள். கடலோர ஊர்க்காரர். மலை என்றால் வாய் பிளப்பவர்) ஒரு சாக்பீஸ் டப்பாவை மேஜையில் வைத்து, எங்கே டூர் போகலாம் என்று ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடச் சொன்னார்கள். ஒரே ஒரு டூர், ஒரே ஒரு நாள், இந்த மாதத்துக்குள், தூரமாகவும் போகக் கூடாது. ஹெச்.எம். உத்தரவு. கிளாஸ் லீடர் ஹரிஷ் கொடைக்கானல் கட்சி. மூன்று தடவை போய் வந்தவன், நாலாவது தடவைக்கு ஏன் துடிக்கிறான் என்பது ஏரிக்குத்தான் வெளிச்சம்.

நான் பெஞ்சுக்கு அடியில் ஒரு சீட்டு சுற்ற விட்டேன். "எல்லோரும் 'மேலே ஏறும் அருவி' என்று எழுதவும். மிஸ் முகத்தைப் பார்ப்போம்."

டப்பாவைத் திறந்தால் முப்பத்தெட்டில் இருபத்தாறு மேலே ஏறிவிட்டது.

மிஸ்: "இது எங்கம்மா இருக்கு?"

அபிநயா என் முதுகில் பேனாவால் குத்தினாள். எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"மலை மேல, மெட்டு தாண்டி அந்தப் பக்கம் மிஸ். தண்ணி கீழேருந்து மேல போகும்."

"யாரு பாத்தா?"

"எங்கம்மா தினம் பாக்குறாங்க மிஸ். அங்க ஏலக்காத் தோட்டத்துலதான் வேலை."

வகுப்பே சிரிப்பை அடக்கிக்கொண்டு டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்தது. மிஸ் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காற்றோடு கொஞ்சம் சாரல். கணக்கு டெஸ்ட். விடை தெரியாத இடத்தில் எல்லாம் அழகான கோடுகள் போட்டு வைத்தேன்.

விபரீதம்: மிஸ் ஹெச்.எம்மிடம் பேசிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை போகிறோமாம்.

"நம்ம ஊருக்கு இவ்வளவு பக்கத்துல இப்படி ஒண்ணு இருக்கு, நீங்க யாரும் பாத்ததில்லையா? வெளிநாட்டுல இருந்தா பாடப்புத்தகத்துல படம் போட்டிருப்பாங்க. சுடர், உங்கம்மாவையும் கூட்டிட்டு வா. அவங்கதான் வழி காட்டணும்."

இடைவேளையில் ஹரிஷ் வழி மறித்தான். "ஏய் புளுகுச்சுடர். அங்க அருவி இல்லன்னா இந்த வருசம் டூரே கெடையாது. முப்பத்தெட்டு பேரு. ஞாபகம் வச்சுக்க."

"முப்பத்தேழு. என்னையும் சேத்து எண்ணாத."

சொன்னேனே தவிர கண் அபி பக்கம் போனது. அபி இதுவரை எந்த டூருக்கும் போனதில்லை. நேற்றே அவள் அத்தையிடம் பை கேட்டு வாங்கிவிட்டாள்.

அருவி என்று சொல்லி அறுவை போட்டேன். இப்போது அறுபடப் போவது நான்.

வழிகள்: 1. நாளைக்கே மிஸ்ஸிடம் ஒப்புக்கொள்வது. 2. காய்ச்சல். 3. அம்மாவையும் பொய்க்குக் கூட்டுச் சேர்ப்பது.

மூன்றுதான் என் தகுதிக்கு ஏற்றது.

ஜூலை 23, புதன்

அம்மா வருவதற்கு ஆறரை ஆகிவிட்டது. அஞ்சாவது வளைவில் வெளியூர்க்காரர்கள் வண்டியை நடுரோட்டில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்களாம், தொழிலாளர் ஜீப்பு அத்தனையும் பின்னால் வரிசை கட்டி நின்றதாம். "என்னத்தத்தான் பாக்குறானுகளோ. மலையக் கண்டதில்லையாட்டம்."

நேரம் சரியில்லை என்று தெரிந்தும் ஆரம்பித்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு பொய் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லணும்."

"யாருகிட்ட, என்ன பொய்யி?"

"டீச்சர்கிட்ட. உங்க தோட்டத்துக்கிட்ட தண்ணி கீழ விழுகாம மேல ஏறுதுன்னு."

"அதுல பொய்யி எங்க இருக்கு? ஏறத்தான செய்யும்."

என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றே நினைத்தேன். இந்த வீட்டில் அந்த வேலைக்கு ஒரே ஆள்தான் உண்டு, அது நான். ஆனால் அம்மா முகத்தில் வெங்காயத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"மேக்கால பாத்த பாறை ஒண்ணு இருக்குல்ல, தோட்டம் முடியுற எடத்துல. அதுல ஓடைத்தண்ணி விழுகும். ஆடியில காத்து எதுத்து அடிச்சா விழுகாது. சுருட்டிக்கிட்டு மேல வந்து எங்க மேலயே ஊத்தும். சனியன். சோறெல்லாம் நனைஞ்சுபோகும். அதுக்குத்தான் குத்துக்கல்லுக்குப் பின்னால மறைஞ்சு உக்காந்து திங்கிறது."

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நனைஞ்சத எல்லாம் வந்து சொல்லுவாகளா?"

"பாக்க எப்படிம்மா இருக்கும்?"

கத்தி நின்றது. யோசித்தாள்.

"பாக்க எங்க நேரம். காயி தரையில கெடக்கு, கண்ணும் அங்கதான கெடக்கும். முதுகு ஈரமானாத் தெரியும், இன்னிக்கு ஏறுதுன்னு."

"பதினெட்டு வருசமா?"

"ஆமா. முதுகுதான் பாத்துச்சு."

ஏலக்காய்ச் செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் மட்டும் வேரடியில், தரையோடு தரையாகச் சரம் விட்டுக் காய்க்கும். எடுப்பவர்கள் குத்த வைத்துத் தலையைக் குனிந்துகொண்டே நகர வேண்டும். எனக்கு இது தெரியும். மூன்றாம் வகுப்பு லீவில் ஒருநாள் போயிருக்கிறேன். அம்மாவின் நாள் முழுக்க மண்ணைப் பார்த்தே போகிறது என்று மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் சொன்ன பொய் என்னைக் கேட்காமலே உண்மையாக இருந்திருக்கிறது. கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

வெயில், காற்று, தெருவெல்லாம் புழுதி. கண்ணில் தூசி.

அம்மா தோட்டத்துச் சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டாளாம். அவர் அந்தப் பக்கத்துக்காரர், மலையாளம். பதினெட்டு வருஷத்தில் அம்மா லீவைத் தவிர அவரிடம் வேறு எதையும் கேட்டதில்லை. இன்று கேட்டது: "பிள்ளைக ஓடை பாக்க வருதுக."

அம்மா அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள். நடிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

"ஆ வெள்ளம் காணானோ? ஈஸ்வரிச் சேச்சி, அதினு அவிடெ எந்தா உள்ளது?"

தண்ணியைப் பார்க்கவா, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அம்மாவின் பதில்: "எனக்கும் தெரியல, அதான் வர்றோம்னேன்." செடியில் கை வைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று சொல்லிச் சம்மதித்துவிட்டாராம்.

படுக்கப்போகும் முன் ஒரு பட்டியல்.

போனில் பார்த்தவை: அமெரிக்காவில் ஒரு மகா பள்ளம். பச்சையாக எரிகிற வடதுருவத்து வானம். குழம்பு மாதிரி கொதிக்கும் எரிமலை. எங்கோ ஒரு உப்புப் பாலைவனம், நடந்தால் கண்ணாடி மாதிரி இருக்குமாம்.

காலால் நடந்து பார்த்தவை: சுருளி அருவி (தாத்தாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது. நனைந்த அப்பாவுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். அருவி அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்தது). வைகை அணை, அங்கே வாங்கிய ஐஸ். முற்றும்.

எங்கள் தெருவில் மலையை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். மேகம் இறங்கியிருக்கா, ஜீப்பு போகுமா, மழை வருமா, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி. கடிகாரம் அழகாக இருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? மலைக்குச் சோலிக்குத்தான் போவது. சும்மா போகிறவர் என்றால் வெளியூர்க்காரர், அல்லது வேலைவெட்டி இல்லாதவர்.

வேலைவெட்டி இல்லாதவள் என்றால் நான் இருக்கிறேன்.

ஜூலை 26, சனி

காற்று நின்றுவிட்டது.

நின்றேவிட்டது. துப்பட்டா கொடியில் தொங்கியபடி தொங்குகிறது. ஐந்து நாளாக ஊரையே புரட்டிப் போட்ட காற்று, இன்றைக்கு என்று லீவு போட்டுவிட்டது. மாடிக்கு ஏழு தடவை போய் விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்த்தேன்.

அபி: "நாளைக்கு அடிக்கும்டி." ஹரிஷ் வகுப்புக் குழுவில் மின்விசிறிப் படம் ஒன்று போட்டு, "எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்று எழுதியிருக்கிறான். நல்ல ஜோக்தான். நான் போட்டிருக்க வேண்டியது.

ஜூலை 27, ஞாயிறு

எழுத நிறைய இருக்கிறது. கை விரல்கள் இன்னும் சில்லென்று இருக்கின்றன.

ஞாயிறு தோட்டத்துக்கு லீவு. அதனால் தொழிலாளர் ஜீப்பு நாலு கிடைத்தது. ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசல். அபியோடு முன்னால் போய் நின்ற எனக்கு, பின்னால் வந்த அம்மாவைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. இடுப்பில் காய் போடுகிற சாக்குப்பை. கையில் தூக்குவாளி. புதுச்சேலை எடுத்து வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

"என்னம்மா இது?"

அம்மா குனிந்து தன்னையே பார்த்தாள். "ஐயய்யோ. ஜீப்புக்குன்னதும் கை தானா இதையெல்லாம் எடுத்து மாட்டிருச்சு."

வீட்டுக்குத் திரும்ப நேரமில்லை. சாக்குப்பையை மட்டும் அவிழ்த்து என் பையில் திணித்தாள்.

மிஸ் முன் ஸீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா அதற்குள் பின்னால் ஏறி, இடது மூலையில், தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "முன்னால உக்காந்தா தலை சுத்தும் டீச்சர்."

டிரைவர் கணேசண்ணன்: "பின்னால உக்காந்து பதினேழு வளைவுலயும் சுத்தாத தலையாக்கும்."

மேலே செக்போஸ்ட்டில் ஒருவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். "வேலைக்கா, சுத்திப் பாக்கவா?"

"வேலைக்கு," என்றாள் அம்மா. பின்னால் பத்துப் பேர் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். அவர் மட்டும் குழப்பத்தோடு யூனிஃபார்ம் பிள்ளைகளை எண்ணினார்.

தோட்டத்துக்குள் பனி. ஈரம். அட்டைகள். அம்மா உப்பும் புகையிலையும் கட்டிய பொட்டலத்தை எல்லோர் காலிலும் தேய்த்துவிட்டாள். ஹரிஷ் காலில் மட்டும் மூன்று ஏறியிருந்தன. ரத்தத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அட்டைக்கும் லீடரைத் தெரிகிறது.

பாறையின் விளிம்புக்கு யாரையும் அம்மா விடவில்லை. பக்கத்து மேட்டில் காய்ந்த கம்புகளை வரிசையாகப் போட்டு, "இதுக்கு அங்கிட்டு ஒரு கால் போகக் கூடாது, ஆமா" என்றாள். அங்கிருந்து எதிரே அருவி முழுதாகத் தெரிந்தது.

அருவி ஒழுங்காகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒல்லியாக, நேராக, பாடப்புத்தகத்தில் சொல்லியபடி.

எல்லோரும் அருவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அதுதான் மோசம்.

"மதியம் சோத்து நேரத்துக்குத்தான் வரும்," என்றாள் அம்மா. "எங்க சோத்த நனைக்கவே பொறந்த காத்து அது."

காத்திருந்தோம். பத்து மணி. பதினொன்று. மிஸ் பாறை வகைகளைப் பற்றிச் சொன்னார்கள். பன்னிரண்டு. புளிசாதம் பிரித்தோம். பனி இறங்குவதற்குள் மலையிறங்க வேண்டும், அதனால் இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்று கணேசண்ணன் சொல்லிவிட்டார். ஒன்றரை. ஹரிஷ் காலைத் தேய்த்துக்கொண்டே, "கொடைக்கானல்ல இந்நேரம் ஏரியில படகு விட்டிருக்கலாம்" என்றான். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். அபி மட்டும் யாரையும் பார்க்காமல் அருவியையே பார்த்தபடி இருந்தாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், நான் அன்னைக்குச் சொன்னது பொய். விளையாட்டுக்கு இட்டுக்கட்டினது. சீட்டெல்லாம் நான்தான் எழுத வச்சேன். உண்மைன்னு அப்புறம்தான் அம்மா சொல்லித் தெரிஞ்சது."

மிஸ் கையிலிருந்த நோட்டை மூடினார்கள்.

"அப்ப நீ இதப் பாத்ததே இல்லையா?"

"இல்ல மிஸ். எங்கம்மாவும் பாத்ததில்ல. அவங்க முதுகுதான் பாத்திருக்கு."

மிஸ் திட்டுவார்கள் என்று நின்றேன். அவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கம்பு வரிசைக்குப் பக்கத்தில், உட்காரத் தெரியாதவள் மாதிரி நின்றாள். கை சும்மா இருக்க முடியாமல் பக்கத்துச் செடியின் அடியில் களை பிடுங்கியது.

"எங்க வீடு கடலுக்குப் பக்கத்துல," என்றார்கள் மிஸ். "காலேஜ் முடிக்கிற வரைக்கும் சூரியன் உதிக்கிறதப் பாக்கன்னு ஒருநாள்கூடக் கரைக்குப் போனதில்ல. மீன் வாங்கத்தான் போவேன்." அப்புறம், "பொய்க்குத் தண்டனை தனியா உண்டு. போய் உக்காரு."

இரண்டு மணி பத்து நிமிஷம். முதலில் அம்மாதான் நிமிர்ந்தாள். காதை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். "வருது."

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லோடு லாரி மேடேறுகிற மாதிரி ஓர் இரைச்சல், கீழே பள்ளத்தாக்கிலிருந்து. நிழல் மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இலையைத் திருப்பின. காடு வெளுத்தது. அருவி நடுவில் ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் தண்ணீர் நின்றது. உண்மையாகவே நின்றது, எங்கே போவது என்று தெரியாத ஆள் மாதிரி. பிறகு மேலேறத் தொடங்கியது. வெள்ளைத் துணியை யாரோ மேலிருந்து சுருட்டி இழுப்பது போல, அடியிலிருந்து நுனி வரைக்கும், விழுந்த தண்ணீர் அத்தனையும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது.

போனை எடுத்தவர்கள் படம் எடுக்க மறந்து அதைப் பிடித்தபடி நின்றார்கள். அபி வாயைத் திறந்து வைத்திருந்தாள், அதற்குள்ளும் தண்ணீர் போனது.

காற்று எங்கள் பக்கம் திரும்பியது. தண்ணீர் வந்து மேலே விழுந்த அந்த நொடியில் அம்மா சட்டென்று குனிந்து முதுகைத் திருப்பிக்கொண்டாள். பழக்கம். பதினெட்டு வருஷப் பழக்கம். அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியது. நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் போல இருந்தது, கூப்பிடவில்லை.

அம்மா தானே நிமிர்ந்தாள். மெதுவாகத் திரும்பினாள். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்காமல் பார்த்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, "இம்புட்டுப் பெருசா?" என்றாள். என்னிடம் இல்லை.

ஹரிஷ் அவள் பக்கத்தில் வந்து, "எவ்வளவு நேரம் ஏறும்க்கா?" என்று கேட்டான். குரலில் மரியாதை. அட்டை வேலை செய்திருக்கிறது.

"அது பாடு தம்பி. நம்ம சொல்லி நிக்குமா?"

இறங்கும்போது அம்மா முன் ஸீட்டில், அவளை ஒட்டி நான். அவளாகவே போய் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் கீழே எங்கள் போடி தெரிந்தது, மாந்தோப்பு, கண்மாய், தூரத்தில் தேவாரம் ஊர்ப் பக்கம் காற்றாலைகள். பின்னால் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முழங்கால்தான் தெரியும். அம்மா கணேசண்ணனிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். "அந்தத் தண்ணி எந்தக் கண்மா? அந்தக் கோபுரம் எது?" அஞ்சாவது வளைவில் ஒரு வெளியூர் வண்டி ரோட்டை மறித்து நின்றது. கணேசண்ணன் ஹாரனில் கை வைத்தார்.

"இருக்கட்டும்ண்ணே, பாத்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா.

ஜூலை 28, திங்கள்

தொண்டை கட்டியது. சுக்குத் தண்ணீர். கணக்கு டெஸ்டில் நூற்றுக்குப் பதினொன்று. அழகான கோடுகளுக்கு மார்க் இல்லையாம்.

தண்டனை வந்தது. "நான் பார்க்காமல் சொன்னதும் பார்த்துச் சொல்வதும்" என்று இரண்டு பக்கம் எழுதி பிரேயரில் படிக்க வேண்டும். முதல் பக்கம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பார்க்காததைப் பற்றி எழுத எனக்குச் சொல்லியா தர வேண்டும். இரண்டாம் பக்கம் இன்னும் காலி. தண்ணீர் நின்றது என்று எழுதினால் அங்கேயே நிற்கிறது.

ஒன்று தெரிகிறது. அந்தப் பாறை இங்கிருந்து ரெண்டு மணி நேரம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஆடிக்கு ஆடி தண்ணீர் ஏறியிருக்கிறது. அதற்கு நாங்கள் போனதும் ஒன்றுதான், போகாததும் ஒன்றுதான். எங்களுக்குத்தான் ஒன்றில்லை. போகாமல் இருந்திருந்தால் அதை அம்மா கடைசிவரை சனியன் என்றே சொல்லியிருப்பாள். நான் பொய் என்றே நினைத்திருப்பேன்.

வகுப்பில் இனி நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள் போலிருக்கிறது. குரங்கணியில் பேசும் பாறை இருப்பதாகச் சும்மா ஒரு வார்த்தை விட்டேன். மூன்று பேர் ஜீப்பு எப்போது என்று கேட்கிறார்கள். உடனே இல்லை என்று சொல்லிவிட்டேன். என்ன ஆயிற்று எனக்கு?

ஜூலை 30, புதன்

பலத்த காற்று. துப்பட்டா மறுபடியும் ஆன்டெனாவில். இரண்டாம் பக்கம் பாதி முடிந்தது.

அம்மா ஆறே காலுக்கு வந்தாள். தூக்குவாளியைக் கழுவ எடுத்தால் கனத்தது. மூடியைத் திறந்தேன். பாதிச் சோறு அப்படியே, மேலே விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர்.

"என்னம்மா, சோறு நனைஞ்சிருக்கு. குத்துக்கல்லுக்குப் பின்னாலதான திம்பீங்க?"

"இன்னிக்குக் கல்லுக்கு முன்னால உக்காந்தோம். கூட காயெடுக்கிற பேச்சி, நானு, எல்லாரும்."